நாலு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி

ஞாயிற்றுக்கிழமை என்றால் நீலவ்வா பதினைந்து ரொட்டி கூடுதலாகத் தட்டுவாள். சோளமாவில் கொதிநீரை விட்டுப் பிசைந்து, மணையில் போட்டு இரண்டு கையாலும் தட்டுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அது கேட்டால் எதிர்வீட்டு மல்லவ்வாவுக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னைக்குக் கைதிங்களுக்கு விருந்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்து வாசலில் நிற்பாள். "பிள்ளைங்கடி. பசிச்ச பிள்ளைங்க" என்று நீலவ்வா மாவை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்வாள். மல்லவ்வா விட மாட்டாள். "போன வருசம் எங்க மாமனார் கெணத்துல மோட்டாரைக் கழட்டுனதும் பசிச்ச பிள்ளைங்கதான்" என்பாள்.

எட்டு மணி டெம்போவில் நீலவ்வாவின் புருசன் குருபாதப்பா இரண்டு பையன்களோடு வந்து இறங்குவார். தாலுகா டவுனில் இருக்கிற ரிமாண்டு ஹோமில் அவருக்கு இருபத்தொன்பது வருச வேலை. குற்றம் செய்து பிடிபட்ட, பதினெட்டு வயது ஆகாத பையன்களைப் பூட்டி வைக்கிற இடம் அது. அவருடைய வேலைக்கு அரசாங்கம் "கிருகபாலகர்", அதாவது இல்லக் காப்பாளர், என்று அழகாகப் பெயர் வைத்திருந்தது. இடுப்பில் சாவிக்கொத்தும் கையில் ரெஜிஸ்டருமாக அலைகிற மனிதரைப் பையன்கள் "காகா" என்றார்கள், சித்தப்பா என்று அர்த்தம். பையன்களை அடிக்காதவர் என்று அவருக்குப் பெயர். அடிக்காமல் இருப்பதே அங்கே பெரிய குணமாக எண்ணப்பட்டது. அதற்கு மேல் அவரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரும் எதிர்பார்த்துக்கொள்ளவில்லை.

ஊருக்கு வடக்கே அவர்களுக்கு இரண்டரை ஏக்கர் கரிசல் இருந்தது. முழுக்க மிளகாய். சங்கராந்திக்கு ஒரு மாசம் முன்னாலேயே பழுக்க ஆரம்பிக்கும். பழுத்ததை அவ்வப்போது எடுக்காவிட்டால் செடியிலேயே வெளுத்துப்போய், பியாடகி மிளகாய்ச் சந்தையில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பறிக்க ஆளும் கிடைக்காது, எல்லார் காட்டிலும் ஒரே சமயத்தில்தானே பழுக்கிறது. ஒரே மகளைக் கதக் ஊரில் கட்டிக் கொடுத்த பிறகு நீலவ்வா ஒற்றை ஆளாகக் குனிந்து குனிந்து முழங்கால் வீங்கிப் போனாள்.

ஹோமின் சூப்பரிண்டெண்டு ருத்ரமுனி தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் பையன்களை அழைத்துப் போவதைப் பார்த்துத்தான் மூன்று வருசத்துக்கு முன் குருபாதப்பாவுக்குத் தைரியம் வந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டார். கூட்டிக்கொண்டு போ, ஆனால் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டுப் போ என்றார் ருத்ரமுனி. வெளியே போகிற பையனுக்குக் காரணம் எழுத ரெஜிஸ்டரில் ஒரு கட்டம் உண்டு. கோர்ட்டு, ஆஸ்பத்திரி, இந்த இரண்டு காரணம்தான் அதில் செல்லும். ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டு கிடையாது. ஆகவே மிளகாய்க் காடு மூன்று வருசமாக ஆஸ்பத்திரி என்ற பெயரில் நடந்தது. வருசக் கடைசியில் ஒரு மூட்டை வற்றல் ருத்ரமுனியின் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

பையன்களுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் முந்தி நீ முந்தி என்று அடித்துக்கொண்டு வந்தார்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு செடிக்குள் இறங்குவார்கள், இல்லாவிட்டால் விரல் தீயாக எரியும். மத்தியானம் ரொட்டி, கத்தரிக்காய்ப் பொரியல், வேர்க்கடலைப் பொடி, தயிர், கல்லில் குத்தி உடைத்த வெங்காயம். தின்று முடித்துப் பம்புசெட்டுத் தொட்டியில் குதிப்பார்கள். வேலமர நிழலில் ஒரு மணி நேரம் கட்டையாகத் தூங்குவார்கள். பூட்டில்லாத இடத்தில் தூங்குவது அவர்களுக்கு வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான். சாயங்காலம் ஐந்து மணி டெம்போவில் திரும்பிப் போய்விடுவார்கள்.

அந்த வருசம் வந்தவர்களில் ஹாலேஷ் என்று ஒருத்தன். பதினாலு வயசு. கிணற்று மோட்டாரில் செப்புக் கம்பியை உருவினவன். எப்படி உருவினான் என்பதை நீலவ்வாவுக்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்குவான், அவளும் வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்பாள். அவன் அம்மா கோவாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவள், ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாவது வாரமே அவன் நீலவ்வாவை "அவ்வா" என்று, அம்மா என்கிற அர்த்தத்தில், கூப்பிட ஆரம்பித்துவிட்டான். மற்றப் பையன்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், ஆனால் இவன் கூப்பிட்டால் மட்டும் அவள் கைவேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.

சங்கராந்தி முடிந்த முதல் ஞாயிறு அவன் இடது காதைப் பொத்திக்கொண்டு டெம்போவிலிருந்து இறங்கினான்.

"என்னடா காதுல?"

"ஒண்ணுமில்ல அவ்வா. சன்னவீரண்ணன் கை பட்டுருச்சு."

"கை அதுவா பறந்து வந்து பட்டுச்சா?"

அவன் சிரித்தான். பிறகு சொன்னான். சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் ஆளுக்கு ஒரு பிடி கொடுத்திருக்கிறார்கள். இவன் இரண்டாம் தடவையும் வரிசையில் போய்க் கையை நீட்டியிருக்கிறான். பங்கு வைத்த காவலாளி சன்னவீரன் உள்ளங்கையைக் குழித்துக் காதோடு சேர்த்து ஒரு அறை விட்டிருக்கிறான். "உள்ளே டப்புன்னுச்சு அவ்வா. அதுல இருந்து இந்தப் பக்கம் மட்டும் தண்ணிக்குள்ள முங்கின மாதிரி இருக்கு" என்றான்.

நீலவ்வா புருசனை வரப்போரம் தனியாகக் கூப்பிட்டாள். இவனை இன்றைக்கு நிஜமாகவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள் என்றாள். ரெஜிஸ்டரில்கூட ஆஸ்பத்திரி என்றுதானே எழுதியிருக்கிறீர்கள் என்றாள். குருபாதப்பா தலையைக் குனிந்துகொண்டு காலால் மண்கட்டியை உடைத்தார்.

"டாக்டரு மொதல்ல யாரு அடிச்சதுன்னுதான் கேப்பாரு. போலீசுக்கு எழுதி அனுப்புவாரு. போலீஸ் வந்தா சன்னவீரன் சும்மா இருப்பானா? குருபாதப்பா வாராவாரம் பையன்களை மொளகா பறிக்கக் கூட்டிட்டுப் போறான்னு வாயைத் தெறப்பான்."

"அப்போ இவன் காது?"

"சின்ன வயசு. தானா ஆறிடும்."

அன்றைக்கு நீலவ்வா அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று பின்னால் எத்தனையோ நாள் நினைத்து நினைத்து அழுதாள். அன்றைக்கு அவள் செய்தது அவள் அம்மா அவளுக்குச் செய்ததைத்தான். இரும்புக் கரண்டியில் கடலை எண்ணெய் ஊற்றி, இரண்டு பல் பூண்டை நசுக்கிப் போட்டு, அது சிவக்கிற வரைக்கும் காய்ச்சினாள். ஆறவைத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். ஹாலேஷின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு காதில் ஊற்றினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தான். எழுந்திரு என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காதிலிருந்து மஞ்சள் நீர் வடிந்தது. கெட்ட தண்ணீர் வெளியே வருகிறது, நல்லதுதான் என்று நினைத்தாள். மூன்றாம் ஞாயிறு நாற்றம் அடித்தது. பூண்டு போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு பல் சேர்த்துக் காய்ச்சினாள். நாலாம் ஞாயிறும் ஊற்றினாள். காது வலி இருக்கிறவன் என்று ஹாலேஷை மட்டும் குருபாதப்பா நாலு வாரமும் விடாமல் அழைத்து வந்தார், காரணம் எழுதத் தோதாக இருந்தது. ரெஜிஸ்டரில் அந்த நாலு நாளும் அவருடைய குண்டு எழுத்தில் ஒரே மாதிரி இருந்தது: ஹாலேஷ், காது வலி, அரசு ஆஸ்பத்திரி, காட்டியது.

சிறுவர் குற்றங்களை விசாரிக்க டவுனில் ஒரு போர்டு உண்டு. மாஜிஸ்திரேட்டோடு சேர்ந்து வெளியாள் இரண்டு பேர் அதில் உட்காருவார்கள். அதில் ஒருத்தி விமலாக்ஷி மேடம், காலேஜில் பாடம் நடத்துகிறவள். மாசம் ஒரு தடவை ஹோமுக்கு வந்து பையன்களோடு பேசுவாள். பிப்ரவரி மாசம் வந்தபோது சாப்பாட்டுக் கூடத்து இரைச்சலில் ஹாலேஷை இடது பக்கப் பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. அவன் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். மறுநாளே அவனை ஹூப்ளிக்குப் பெரிய டாக்டரிடம் அனுப்ப வைத்தாள். போன இடத்தில் அவன் சங்கராந்தி அன்று விழுந்த அறையைப் பற்றிச் சொல்லிவிட்டான். சன்னவீரனை விசாரணை முடியும் வரை ஹோமுக்குள் வரக்கூடாது என்று நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை என்றார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் ருத்ரமுனி மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார். மூன்று வருசமாக இங்கிருந்து மூட்டை அங்கே போயிருக்கிறதே தவிர அவர் இங்கே வந்ததில்லை. நீலவ்வா டீ போட்டுக் கொடுத்தாள். மணமாக இருக்கிறது என்று சொல்லி ரசித்துக் குடித்தார். குரலை உயர்த்தாமல், வீட்டு மனிதர் மாதிரிப் பேசினார்.

"நீ ஏன் குருபாதப்பா மொகத்தை இப்படி வெச்சிருக்கே? உன் எழுத்துதான் நம்ம எல்லாரையும் காப்பாத்தப் போகுது."

"என் எழுத்தா சார்?"

"நாலு ஞாயிறு காது வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கோம்னு ரெஜிஸ்டர் சொல்லுது. ஒரு ஹோம் இதுக்கு மேல என்ன பண்ணும்? சன்னவீரன் அடிச்சிருந்தா டாக்டரு அப்பவே எழுதியிருப்பார்ல? எழுதல. அப்போ அடியே இல்ல. பையன் கட்டிவிடறான்."

"ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்டா?"

"அதுக்கு ஆள் பார்த்தாச்சு. நாலு தேதிக்கு நாலு சீட்டு. நீ வந்து 'கூட்டிட்டுப் போனேன்'னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். ரெண்டாவது வார்த்தை வேண்டாம்."

குருபாதப்பா எதற்குத் தலையாட்டினோம் என்று தெரியாமல் தலையாட்டினார். ருத்ரமுனி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தவர், ஞாபகம் வந்தவராக மறுபடி உட்கார்ந்தார்.

"ஹூப்ளி டாக்டரு இன்னொண்ணு எழுதியிருக்காரு. அதுவும் நமக்கு நல்லதுதான். செவிப்பறை கிழிஞ்ச காதுல எவனோ எண்ணெய ஊத்தியிருக்கானாம். உள்ளே பூண்டுத் துணுக்கு கெடந்துச்சாம். அதுலதான் சீழ் பிடிச்சு உள்ள வரைக்கும் போயிருச்சு. வெறும் கிழிசல்னா ஒரு மாசம் ரெண்டு மாசத்துல தானா மூடியிருக்குமாம். எண்ணெய்தான் காதைக் கெடுத்திருக்கு, இனிமே அந்தப் பக்கம் கேக்காதுன்னு எழுதிட்டாரு. பசங்களே ஒருத்தனுக்கு ஒருத்தன் ஊத்திக்கிட்டானுங்கன்னு சொல்லிக்கலாம்."

நீலவ்வா அடுப்படி நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதையும் கீழே போடவில்லை, கத்தவில்லை. காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கழுவினாள். கழுவினதையே மறுபடியும் கழுவினாள். ஒரு குழந்தையின் காதை என் கையாலேயே சாகடித்துவிட்டேனே என்று உள்ளே ஒன்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. குருபாதப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை. வியாழக்கிழமை முழுக்கக் களத்தில் மிளகாயைப் புரட்டிப் போட்டுக்கொண்டு, தும்மிக்கொண்டு, வெயில் இந்த வருசம் சீக்கிரமே வந்துவிட்டது என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை நீலவ்வா வீட்டுக்குள் உட்கார்ந்து காய்ந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குக் குருபாதப்பா வந்து அப்படியே தரையில் சாய்ந்தார். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"முடிஞ்சுது" என்றார்.

"என்ன முடிஞ்சுது?"

"விசாரணை. கூட்டிட்டுப் போனேன்னு சொன்னேன். சீட்டு நாலையும் வாங்கிப் பார்த்தாங்க. மாஜிஸ்திரேட்டு சரின்னுட்டாரு. மேடம்தான் விடல. பையனைக் கூப்பிடுங்கன்னாங்க. காகா உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாராடான்னு கேட்டாங்க."

"அவன் என்ன சொன்னான்?"

"என்னைப் பார்த்தான். ஆமான்னான்."

நீலவ்வாவின் விரல் மிளகாயிலேயே நின்றுவிட்டது. "அவன் எதுக்கு ஆமாங்கணும்?"

"எனக்கென்ன தெரியும்? ஆமான்னான். அப்போ டாக்டர் என்ன பண்ணினார் சொல்லுன்னாங்க மேடம்." குருபாதப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "டாக்டரம்மா மடியில படுக்கச் சொன்னாங்கன்னான். கரண்டியில எண்ணெய் காய்ச்சி, கையில விட்டுச் சூடு பார்த்து, ஊத்துனாங்கன்னான். ஊத்தறப்போ தலையைத் தடவிக் கொடுத்தாங்களாம். அப்புறம் ரொட்டி கொடுத்தாங்களாம். ருத்ரமுனி சார் சிரிச்சுட்டாரு. மாஜிஸ்திரேட்டும் சிரிச்சுட்டாரு. பையன் வாய்க்கு வந்ததைப் பேசறான்னு எழுதிக்கிட்டாரு."

"மேடம்?"

"அவங்க சிரிக்கல. என்னையே பார்த்தாங்க. குருபாதப்பா, அந்த டாக்டரம்மா பேரு என்னன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் குடித்து வைத்த தம்ளரைத் தள்ளி வைத்தார்.

"ஞாபகம் இல்லன்னேன்."

நீலவ்வாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மிளகாய்க் கையால் கண்ணைத் தொட முடியாது. முழங்கையால் துடைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வருசம் ஒரே தட்டில் சாப்பிட்ட மாதிரிக் குடித்தனம் செய்தவரைப் பார்த்து அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இரக்கம்தான் வந்தது. அதை நினைத்து இன்னும் அழுதாள்.

மீதியை அவரே சொன்னார். செவ்வாய்க்கிழமை உத்தரவு போடுவார்கள். பையனுடைய புகார் பொய் என்று தள்ளிவிடுவார்கள். புதன்கிழமையிலிருந்து சன்னவீரன் வேலைக்கு வருகிறான், அதே ஹோம், அதே பையன்கள்.

"அவனுக்கு இன்னும் ஒரு காது இருக்கு" என்றாள் நீலவ்வா.

"நான் பார்த்துக்கறேன். சன்னவீரன்கிட்ட சொல்லி வெக்கறேன்."

"இதுவரைக்கும் பார்த்துக்கிட்ட மாதிரியா?"

"என்னை என்னதான்டி பண்ணச் சொல்றே? மூணு வருசம் ஓட்டிட்டா பென்சன் வரும். இப்போப் போய் மொளகாக் காட்டுலதான் இருந்தான்னு சொன்னா வேலை போயிரும். பையன்களைக் கூலியில்லாம வேலை வாங்கினேன்னு கேஸ் போடுவாங்க. உன்னையும் விட மாட்டாங்க. காதைக் கெடுத்ததே நீதான்னு ஆயிடும்."

"ஆயிடும் என்ன, நான்தானே கெடுத்தேன்."

"நீ நல்லதுக்குத்தான் பண்ணினே."

"நீங்களும் நல்லதுக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்க. சன்னவீரனைப் போய்க் கேளுங்க, பையன் திருந்தறதுக்குன்னு சொல்வான்."

"நான் அடிக்கல நீலா. இருபத்தொம்பது வருசத்துல ஒரு பையன் மேலயும் கை வெக்கல."

அவர் குரல் உடைந்தது. அது உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். "அது போதும்னு நெனச்சுட்டோம்" என்றாள். "நீங்க மட்டும் இல்ல. நானும்தான். ரெண்டு ரொட்டி போட்டுட்டாப் போதும்னு நெனச்சேன்."

திங்கட்கிழமை காலையில் அவள் தலை வாரி, மகள் கல்யாணத்துக்கு எடுத்த இல்கல் சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். குருபாதப்பா வாசலில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டெம்போவுக்குச் சில்லறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அவள் ஏறின டெம்போவில் அவர் ஏறவில்லை, அடுத்ததற்கு நின்றார். எதிர்வீட்டு மல்லவ்வா அதைப் பார்த்துவிட்டு எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்கக்கூட வாய் வராமல் நின்றாள்.

போர்டு ஆபீசில் விமலாக்ஷி மேடம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். யார் நீங்கள் என்று கேட்டாள். நீலவ்வா வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது எல்லாம் மறந்து போனது.

"நான்தானுங்க அந்த டாக்டரம்மா" என்றாள்.

மேடம் பேனாவை மூடிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மிளகாய்க் காடு, ஞாயிற்றுக்கிழமை, ரெஜிஸ்டர், நாலு சீட்டு, ருத்ரமுனி வந்து டீ குடித்தது, கரண்டி, பூண்டு எல்லாவற்றையும் நீலவ்வா சொன்னாள். மூன்றாம் ஞாயிறு நாற்றம் அடித்ததையும், பூண்டை அதிகம் போட்டதையும்கூட விடவில்லை. மேடம் எழுதி நீட்டின தாளில் கையெழுத்துப் போட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் நல்லவருங்க. யாரையும் அடிச்சதில்லைங்க" என்றாள் கடைசியாக.

"நல்லவரா கெட்டவரான்னு நான் எழுதப் போறதில்லம்மா" என்றாள் மேடம். அவள் குரலில் கடுமை இல்லை. "அந்தப் பையனைப் பார்த்துக்கறது அவர் வேலை. பார்த்துக்கிட்டாரா?"

நீலவ்வா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"இல்லீங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே குருபாதப்பாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்தவர் நேராகக் காட்டுக்குப் போய்த் தனியாக மிளகாய் பறித்துக்கொண்டிருந்தார். சன்னவீரன் மீது போலீஸ் கேஸ் பதிந்தது. ருத்ரமுனியைப் பெரிய ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள், அதைத் தண்டனை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கிராமத்தில் பாதிப் பேர் நீலவ்வாவோடு பேச்சை நிறுத்தினார்கள். புருசன் சோற்றில் மண்ணைப் போட்டவள் என்றார்கள். மல்லவ்வா மட்டும் ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் காம்பு கிள்ளிக் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டுக்குள் குருபாதப்பா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூடத் தேவலை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

ஹாலேஷைத் தார்வாடில் இருக்கிற வேறொரு ஹோமுக்கு மாற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நீலவ்வா மேடத்திடம் கெஞ்சி, ஒரு தடவை பார்க்க அனுமதி வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பதினைந்து ரொட்டி தட்டி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். ஹோம் வாசலில் புதிதாக வந்திருந்த காவலாளி, வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது, இப்போது சட்டம் கடுமை என்று மூட்டையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டான். அவனும் என்ன செய்வான், அவன் வேலை அது. நீலவ்வா வெறுங்கையோடு உள்ளே போனாள்.

நீள பெஞ்சு ஒன்று கிடந்தது. இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஹாலேஷ் வந்து உட்கார்ந்தான். அவள் பார்த்து அவனுக்கு வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தான். அவள் அவனைத் தொடப் போய், தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் காதை நான்தான்டா கெடுத்துட்டேன்."

"தெரியும். ஹூப்ளியில சொன்னாங்க" என்றான். அவனுக்கு அது பெரிய விஷயமாகவே இல்லை. "காகா எங்க?"

"அவரை வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. சன்னவீரனையும்தான். இனிமே உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க."

அவன் அதற்குச் சந்தோசப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் காலை ஆட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"அப்போ ஞாயித்துக்கிழமை?"

"என்ன ஞாயித்துக்கிழமை?"

"தார்வாடுல யாரு கூட்டிட்டுப் போவாங்க? இங்கயும் இனிமே யாரையும் கூட்டிட்டுப் போக மாட்டாங்கன்னு சொல்றானுங்க."

"இல்லடா கண்ணு. அது தப்பு. உங்களை வேலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கவே கூடாது."

ஹாலேஷ் நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"நான்தான் ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டேனே. எல்லாரும் நம்பிட்டாங்க. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நீ எதுக்கு அவ்வா வந்து சொன்னே?"

உன் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள் நீலவ்வா.

"அடி எங்க போனாலும் விழும்" என்றான் அவன். "ஞாயித்துக்கிழமை எங்க கெடைக்கும்?"

சொல்லிவிட்டு, காலைத் தூக்கிப் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் போட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். இப்போது பஞ்சு வைத்த காது அவள் பக்கம் இருந்தது. ஹாலேஷ் என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. தார்வாடில் பெரிய மைதானம் இருக்கிறதாம், பள்ளிக்கூடமும் உள்ளேயே இருக்கிறதாம், நான் மாசம் ஒரு தடவை வந்து பார்ப்பேன், உங்கம்மா கோவாவில் இருக்கிற விலாசத்தை மேடம் தேடிக்கொண்டிருக்கிறாள் என்றெல்லாம் நீலவ்வா சொன்னாள். நேரம் முடிந்து மணி அடிக்கிற வரைக்கும் அந்தக் காதோடு பேசிக்கொண்டே இருந்தாள்.